அந்த மேட்டில் நிற்பவரை யார் போய்க் கூட்டி வருவது?

கேள்வி: 11 மே 2025

"நேற்று பேஸ்பாலில் 21–0 தோல்வி. நம் டென்வர் அணி ராக்கீஸின் பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, திட்டி இனி பிரயோசனமில்லை. டென்வர் ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு, பந்து வளையாது, அடித்தால் பறக்கும். அங்கே யார் வீசினாலும் இதே கதிதான். அணியின் மைதானமான கூர்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டு வேறு ஊருக்குப் போனால் ஒழிய விடிவில்லை. மறுக்க முடியுமா யாராவது?"

11 மே 2025, காலை

நான் மறுக்கிறேன்.

நேற்று நானும் என் பன்னிரண்டு வயது மகனும் கூர்ஸ் ஃபீல்டில்தான் இருந்தோம். நம் பிட்சர் நான்காவது இன்னிங்ஸை முடிப்பதற்குள் 12 ரன் கொடுத்துவிட்டார். சரி, காற்று மெலிசு. ஆனால் பிட்சர் நின்று வீசும் அதே மேட்டில், அதே காற்றில், அதே பந்தை வைத்து எதிரணியான சான் டியேகோவின் ஸ்டீஃபன் கோலெக் ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லையே? அவருக்கு மட்டும் கடல் காற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து திறந்துவிட்டார்களா?

39 ஆட்டத்தில் 33 தோல்வி. உயரத்தைக் காரணம் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவரிடம் ஸ்ட்ரைக் போடும் பந்து இல்லை, அடிப்பவரைத் திணறடிக்கும் பந்து இல்லை, அவ்வளவுதான்.

11 மே, இரவு

இன்று 9–3 ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு அணியின் தலைமைப் பயிற்சியாளரான மேனேஜர் பட் பிளாக்கை நீக்கிவிட்டார்கள், அவருடைய உதவியாளரான பெஞ்ச் கோச் மைக் ரெட்மண்டையும் சேர்த்து. மூன்றாவது பேஸ் கோச்சாக இருந்த வாரன் ஷேஃபர் இடைக்காலப் பொறுப்பு.

பிளாக் தானே ஒரு இடதுகை பிட்சராக இருந்தவர். 2017, 2018 இரண்டு வருடமும் பிளேஆஃபுக்கு அழைத்துப் போனவர். பிட்சர்களைப் புரிந்துகொண்ட மனிதர் என்றுதான் அவர் வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். அன்னையர் தினத்தில் வீட்டில் பாயசம் வைத்துவிட்டு உட்கார்ந்தால் இந்தச் செய்தி. தொண்டையில் இறங்கவில்லை.

14 மே

மே 11 காலையில் ஆத்திரத்தில் எழுதியதை எடுத்துப் படித்தேன். கோலெக்கை வைத்து நான் சொன்ன வாதம் பாதிதான் சரி. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒரு வரி. இங்கே பந்து தரையில் படாது. சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது, வளைவு அவ்வளவுதான். டென்வரில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே குறைவு. கடலோரத்தில் 18 அங்குலம் வளையும் கர்வ்பால் இங்கே 14, 15-ல் நின்றுவிடும். மட்டையின் விளிம்புக்குப் போக வேண்டிய பந்து மட்டையின் நெஞ்சுக்கே போய் நிற்கும்.

கோலெக் ஒரு நாள் வந்தார், வீசினார், போய்விட்டார். நம் ஆட்கள் 81 ஆட்டம் இங்கேயும் 81 வெளியூரிலுமாக இருக்கிறார்கள். ஒரு வாரம் சான் டியேகோ கடற்கரையில் பந்து வளைகிறது. அடுத்த வாரம் 5,280 அடியில் அதே விரல், அதே பிடி, வளையவில்லை. கையை மாற்றுகிறார்கள். மாற்றிப் பழகுவதற்குள் மறுபடி கீழே இறங்கும் விமானம். எந்த வளைவை நம்புவது? ஒரு நாள் விருந்தாளிக்கும் வீட்டு மனிதருக்கும் உள்ள வித்தியாசம் இது. அதை நான் சொல்லாமல் விட்டது தப்பு.

டாரில் கைல் கதை தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய, அழகான கர்வ்பால் அவருடையது. 1997-ல் ஹூஸ்டனுக்காக 19–7, அதாவது 19 வெற்றி, 7 தோல்வி. அடுத்த வருடம் ராக்கீஸ் கூட்டி வந்தது. 1998-ல் 13–17. 1999-ல் 8–13, ஈஆர்ஏ 6.61, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக ஆறரைக்கும் மேலே ரன். முடிந்துபோன ஆள் என்றார்கள். 2000-ல் செயின்ட் லூயிஸுக்குப் போனார், 20 வெற்றி! கை அதே கை. 2002-ல் 33 வயதில் இதய நோயில் இறந்துபோனார். அந்த 20 வெற்றியாவது அவருக்குக் கிடைத்ததே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

15 மே

மைக் ஹாம்ப்டனை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். விடவில்லை, அவர் கதை நீளம்.

2000 டிசம்பரில் எட்டு ஆண்டு, 121 மில்லியன் டாலர். அதுவரை எந்தப் பிட்சருக்கும் யாரும் கொடுக்காத தொகை. கர்வ்பாலை நம்பாமல், கீழே இறங்கும் சிங்கர் பந்தைப் போட்டுத் தரையிலேயே அடிக்க வைப்பவர் என்பதால் இந்தக் காற்று அவரை ஒன்றும் செய்யாது என்று கணக்குப் போட்டார்கள். முதல் வருடம் 5.41, இரண்டாம் வருடம் 6.15, அதோடு அனுப்பிவிட்டார்கள். மட்டையை எடுத்து 2001-ல் வேலியைத் தாண்டும் ஹோம் ரன் 7 அடித்தார் என்பதும் உண்மை. பிட்சருக்கே இங்கே பந்து வீசுவதைவிட அடிப்பது லேசாக இருந்திருக்கிறது.

கணக்கு எங்கே தவறியது? எனக்குப் பிடிபட்டவரை மைதானத்தின் அளவில். பந்து பறக்கிறது என்பதற்காக வேலியைத் தள்ளி வைத்தார்கள், நடுவில் 415 அடி. அந்தப் பெரிய வயலைக் காக்க மூன்றே பேர். ஹோம் ரன் ஆகாத பந்தும் யாரும் இல்லாத இடத்தில் விழுகிறது. ஹோம் ரனைத் தடுக்கப் போய், மற்ற எல்லா அடிக்கும் இடம் கொடுத்துவிட்டோம்.

16 மே

பந்தை ஈரமாக வைக்கும் அறை பற்றிக் கேட்டவருக்கு: உண்டு. 2002 முதல். இந்த வறண்ட காற்றில் பந்தின் தோல் சுருங்கி இறுகி, விரலில் வழுக்கும். அதனால் 50 சதவீத ஈரப்பதத்தில், 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓர் அறையில் பூட்டி வைக்கிறார்கள். அதற்கு முன்பு 1999-ல் இந்த ஒரே மைதானத்தில் 303 ஹோம் ரன். அந்த அறை நிறையவே உதவியது. பந்தைச் சரியாக்கிவிட்டார்கள், காற்றை என்ன செய்வது?

2 ஜூன்

9–50. ஒன்பது வெற்றி, ஐம்பது தோல்வி.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

5 ஜூன்

மயாமியில் மூன்றுக்கு மூன்று! இந்த வருடத்தின் முதல் தொடர் வெற்றி. ஆபீசில் வேலையோடு வேலையாகக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசி அவுட் விழுந்தபோது மேசையைத் தட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடல் மட்டம், பார்த்தீர்களா" என்று கேள்வி கேட்டவர் உடனே எழுதியிருக்கிறார். பார்த்தேன். ஆனால் மற்ற வெளியூர்களும் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன? அங்கெல்லாம் ஏன் தோற்றோம்? உயரம் மட்டுமே காரணம் என்றால் வெளியூரில் நாம் ஒரு சாதாரண அணியாகவாவது இருக்க வேண்டும். இல்லையே.

28 ஜூன்

இன்று மனதில் இருப்பதை நீளமாக எழுதப்போகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

என் மகன் சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீகில் பிட்சர். நான் அந்த அணியின் பந்துக் கணக்காளர். கையில் ஒரு கிளிக்கர், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அழுத்து. அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 66-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். ஆட்டம் எவ்வளவு முக்கியமானாலும் சரி, கோச் கெஞ்சினாலும் சரி, 85 ஆனதும் நான் கையைத் தூக்கிவிடுவேன். அவன் இறங்கி வருவான், நான் தண்ணீர் கொடுப்பேன்.

போன வாரம் அவன் கேட்டான்: "அம்மா, அன்னைக்கு அந்த மேட்டுல நின்னவரை ஏன் யாரும் போய்க் கூட்டிட்டு வரலை?"

மே 10-ஐத்தான் கேட்கிறான். 12 ரன் போகும்வரை ஏன் விட்டார்கள் என்று.

காரணம் எனக்குத் தெரியும், அவனுக்கும் சொன்னேன். தொடக்கப் பிட்சரை இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்தால் மீதி ஏழு இன்னிங்ஸை புல்பென், அதாவது மாற்றுப் பிட்சர்கள், வீச வேண்டும். ஏழு இன்னிங்ஸுக்கு நான்கு பேர் போனால் நாளைக்கு அந்த நான்கு பேரும் இல்லை. நாளைக்கும் தொடக்கப் பிட்சர் சீக்கிரம் விழுந்தால் மறுநாள் ஆளே இல்லை. அதனால் ஒருவரைப் பலி கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறார்கள். நன்றாக வீசும் அணிக்கு இது வருடத்தில் ஓரிரு முறை வரும். நமக்கு வாரம் தவறாமல் வருகிறது.

அதைக் கேட்டுவிட்டு அவன் "அப்ப அவருக்கு யாரு இருக்கா?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து என் கோபம் இடம் மாறிவிட்டது. மே 11 காலை "அவரிடம் ஸ்ட்ரைக் போடும் பந்து இல்லை" என்று எழுதினேனே, அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அங்கே நின்ற மனிதர் ஓடிப்போகவில்லை. நான்காவது இன்னிங்ஸ்வரை பந்தை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் பின்னால் ஒரு திட்டம் நிற்கவில்லை, என் குறை அதுதான்.

இந்த வருட ரொட்டேஷனை, அதாவது முறை வைத்து வீசும் தொடக்கப் பிட்சர்களை, எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மார்க்கெஸ் 2023-ல் முழங்கை அறுவை சிகிச்சை செய்தவர். அன்டோனியோ சென்சடேலா 2022-ல் முழங்கால், 2023-ல் முழங்கை. ரையன் ஃபெல்ட்னர் 2023 மே மாதம் நேராக வந்த பந்து தலையில் பட்டு மண்டையோட்டில் விரிசலோடு விழுந்து, அதே செப்டம்பரில் திரும்பி வந்து அதே மேட்டில் ஏறியவர். அதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்கும். சேஸ் டாலண்டருக்கு இது முதல் வருடம். இவர்களுக்கு ஒரு ஆள் குறைந்தால் பின்னால் தயாராக நிற்பவர் யார்? வருடா வருடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், யாரும் இல்லை.

29 ஜூன்

"அப்படியானால் டென்வரில் யாரும் வீச முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்" என்கிறார் கேள்வி கேட்டவர். இல்லை. கைல் ஃப்ரீலேண்டைப் பாருங்கள்.

டென்வரிலேயே பிறந்து, இங்கேயே பள்ளியில் படித்த பையன். 2017-ல் அந்த வருடத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தில், டாட்ஜர்ஸுக்கு எதிராக, அவருக்கு அறிமுகம். ஜெயித்தார். 2018-ல் 17–7, ஈஆர்ஏ 2.85. கூர்ஸ் ஃபீல்டில் மட்டும் எடுத்தால் 2.40! வெளியூரைவிட வீட்டில் நன்றாக வீசினார். அதே வருடம் மார்க்கெஸ் 230 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), அணியின் சாதனை. அக்டோபரில் சிகாகோவில், தோற்றால் வெளியே என்ற அந்த ஒற்றை ஆட்டத்தில் ஃப்ரீலேண்ட் ஏழாவது இன்னிங்ஸ்வரை ஒரு ரன்கூட விடவில்லை, 13 இன்னிங்ஸ் போய் 2–1 ஜெயித்தோம். நான் நள்ளிரவுவரை விழித்திருந்தேன். மகனுக்கு அப்போது ஐந்து வயது, சோபாவில் தூங்கிவிட்டான்.

அவர் பெரிய வளைவை நம்பவில்லை. வலதுகை ஆட்டக்காரரின் உடம்போடு ஒட்டி உள்ளே போடுவார், பயப்படாமல். இந்தக் காற்றிலேயே வளர்ந்தவர் என்பதால்தானோ என்னவோ.

அப்புறம் 2019. 3–11, 6.73. மே கடைசியில் ஆல்புகெர்க்கிக்கு, கீழ் அணிக்கு அனுப்பினார்கள். ஆல்புகெர்க்கியும் ஐயாயிரம் அடிக்கு மேல்தான். பந்து வளையாமல் நொந்துபோனவரைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லி, பந்து வளையாத இன்னொரு ஊருக்கு அனுப்பினோம். இதை எப்படிச் சொல்வது!

30 ஜூன்

உபால்டோ ஹிமெனஸை மறந்துவிட்டேன் என்று மூன்று பேர். மறப்பேனா? 2010 ஏப்ரல் 17, அட்லாண்டாவில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர், ராக்கீஸ் வரலாற்றில் முதலாவது. வருடத்தின் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளையில் 15–1. அந்தக் கோடையில் அவர் வீசும் நாளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பேன். அடுத்த வருடம் ஜூலையில் கிளீவ்லண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஹோர்ஹே டி லா ரோசாவையும் யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் சொல்லவில்லை. 86 வெற்றி, இந்த அணியில் அதற்கு மேல் யாருக்கும் இல்லை. உள்ளூரில் அவர் ராஜா.

9 ஜூலை

பழைய கதை ஒன்று. 2012 ஜூனில் ஜிம் டிரேசி மேனேஜராக இருந்தபோது ஐந்து தொடக்கப் பிட்சருக்குப் பதில் நான்கு பேர், ஆளுக்கு 75 பந்து, அதற்குப் பிறகு தயாராக இன்னொருவர் என்று மாற்றிப் பார்த்தார்கள். நாடு முழுக்கச் சிரித்தது. அந்த வருடம் 98 தோல்வி, அடுத்த வருடம் பழையபடி ஐந்து.

நானும் அன்று எதிர்த்தேன். இன்று கிளிக்கரோடு நிற்கும்போது அதில் ஒரு நியாயம் இருந்தது என்று தோன்றுகிறது. இந்த உயரத்தில் உடம்பு சீக்கிரம் களைக்கும், அதனால் குறைவாக வீசு, உன் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று முதன்முறையாக ஒருவர் பிட்சரிடம் சொன்னார். ஆள் சரியில்லாத வருடத்தில் செய்ததால் யோசனையும் சேர்ந்து அடிபட்டுப் போனது. அதைத் திருத்தி இன்னும் இரண்டு வருடம் பார்த்திருக்கலாம். வேறெந்த ஊரிலும் இல்லாத சிக்கல் நமக்கு இருக்கிறது, வேறெந்த ஊரிலும் இல்லாத வழிதானே வேண்டும்?

10 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு குறை. 75 பந்தோடு ஒருவரை எடுத்தால் புல்பென் சுமை கூடும், 28 ஜூனில் நானே அழுத சிக்கல் அது. ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டுமென்றால் கீழ் அணிகளிலிருந்து இரண்டு மூன்று இன்னிங்ஸ் வீசுபவர்களை நிறைய வளர்க்க வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும். ஆகட்டும். நான் 2006-லிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் எங்கேயும் போகவில்லை.

2 ஆகஸ்ட்

நேற்று பார்க்காதவர்கள் பாவம்.

முந்தின இரண்டு நாளில்தான் புல்பென்னில் இருந்து டைலர் கின்லி அட்லாண்டாவுக்கும் ஜேக் பேர்ட் நியூயார்க்குக்கும் போய்விட்டார்கள். நேற்று பிட்ஸ்பர்க் முதல் இன்னிங்ஸிலேயே 9 ரன். 9–0. மகன் ரிமோட்டை எடுத்தான். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். தூத்துக்குடியில் அப்பா ரேடியோவை ஒருபோதும் பாதியில் அணைக்க மாட்டார், அந்தப் பழக்கம்.

கடைசி இன்னிங்ஸில் 16–12 பின்னால். ஐந்து ரன். பிரெண்டன் டாயிலின் ஹோம் ரன் வேலிக்கு அப்பால் விழுந்தபோது நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தில் மாடியிலிருந்து கணவர் ஓடி வந்துவிட்டார். 17–16!

காலையில் எழுந்ததும்தான் இன்னொன்று உறைத்தது. ஜெயித்த ஆட்டத்தில் 16 ரன் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் நேற்றைய சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

3 செப்டம்பர்

நேற்று ஃப்ரீலேண்ட் முதல் இன்னிங்ஸிலேயே வெளியேற்றப்பட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவின் ரஃபேல் டெவர்ஸ் ஹோம் ரன் அடித்துவிட்டு நின்று ரசித்தார், ஃப்ரீலேண்ட் கத்தினார், இரண்டு அணியும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. எட்டு வருடமாக இந்த மேட்டில் நிற்பவர், தன் ஊர், தன் வீடு. ஆனால் மிச்சம் எட்டு இன்னிங்ஸுக்கு மேல் புல்பென் தலையில் விழுந்ததே, அதுதான் வருத்தம். அவருக்கும் அந்த வருத்தம் இருந்திருக்கும்.

17 செப்டம்பர்

இன்றைய தேதிக்கு ஒரு விசேஷம். 1996 செப்டம்பர் 17, டாட்ஜர்ஸின் ஹிடியோ நோமோ கூர்ஸ் ஃபீல்டில் நோ-ஹிட்டர் வீசினார். ஈரப்பத அறை வருவதற்கு ஆறு வருடம் முன்பு! இந்த மைதானத்தில் இன்றுவரை அது ஒன்றுதான். சரியாக இருபது வருடம் கழித்து 2016 செப்டம்பர் 17, நம் ஜான் கிரே இதே மைதானத்தில் 16 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன் கொடுக்காமல் முழு ஆட்டம். அணியின் சாதனை.

கிரேயை 2021-ல் பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் போக விட்டோம். டெக்சஸுக்குப் போய் 2023-ல், இறுதிப் போட்டியான உலகத் தொடரை ஜெயித்தவர்கள் போடும் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். உலகத் தொடரின் ஒரு ஆட்டத்தில் வெற்றியும் அவர் பெயரில். டிவியில் அதைப் பார்த்து நான் கைதட்டினேன். நம் பையன் இல்லையா!

29 செப்டம்பர்

முடிந்தது. 43–119.

போன வருடம் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோற்றார்கள், அதை மட்டும் தொடவில்லை. 1,021 ரன் கொடுத்தோம், 597 எடுத்தோம். வித்தியாசம் 424, 1900-க்குப் பிறகு எந்த அணிக்கும் இவ்வளவு இல்லை. தொடக்கப் பிட்சர்களின் ஈஆர்ஏ 6.65. 1913-ல் அந்தக் கணக்கு அதிகாரபூர்வமானதிலிருந்து இதைவிட மோசமான ரொட்டேஷன் கிடையாது. ஃப்ரீலேண்ட் 5–17, மார்க்கெஸ் 3–16, சென்சடேலா 4–15, டாலண்டர் 2–12.

அந்த 597-ஐயும் பார்க்க வேண்டும். பந்து பறக்கும் மைதானத்தில் பாதி ஆட்டம் ஆடி இவ்வளவுதான் எடுத்தோம் என்றால் பிட்சர்களை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பது நியாயமில்லை. ஐந்து ரன் முன்னால் இருக்கும் பிட்சர் தைரியமாக நடுவில் போடுவார். எப்போதும் பின்னால் இருப்பவர் ஓரத்தைத் தேடித் தேடி வாக் கொடுப்பார், எதிராளி அடிக்காமலே பேஸுக்குப் போய்விடுவார், அப்புறம் ஒரு அடி விழும், மூன்று ரன். இந்த வருடம் இதை எத்தனை முறை பார்த்தோம்!

30 செப்டம்பர்

"இத்தனைக்கும் பிறகு ஏன் பார்க்கிறீர்கள்" என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

2007-ல் நான் இந்த ஊருக்கு வந்து இரண்டாவது இலையுதிர் காலம். யாரையும் தெரியாது. குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அழுதுகொண்டே வேலைக்குப் போன நாட்கள் உண்டு. அப்போது இந்த அணி 22 ஆட்டத்தில் 21 ஜெயித்து உலகத் தொடருக்குப் போனது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வயதான அம்மா ஒருவர், முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெஃப் ஃபிரான்சிஸ் எப்படி வீசினார் என்று விவரித்தார். எனக்குப் பாதி புரியவில்லை. இறங்கும்போது அவர் தன் ஊதா நிறத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்துவிட்டுப் போனார். பாஸ்டனிடம் நான்கும் தோற்றோம். தொப்பி இப்போதும் இருக்கிறது, மகன்தான் போட்டுக்கொள்கிறான்.

8 நவம்பர்

ஆட்களை எடுப்பதும் விடுவதும் பார்க்கும் ஜெனரல் மேனேஜர் பில் ஷ்மிட் அக்டோபரிலேயே விலகினார். இப்போது பேஸ்பால் பொறுப்பு முழுவதும் பால் டிபொடெஸ்டாவுக்கு. ஓக்லண்டில் புள்ளிவிவரக் கணக்கு வைத்து அணி கட்டிய அந்தக் குழுவில் இருந்தவர், டாட்ஜர்ஸுக்கு ஜெனரல் மேனேஜராக இருந்தவர், கடைசி பத்து வருடம் கிளீவ்லண்டில் அமெரிக்கக் கால்பந்து அணியில். வெளியிலிருந்து ஒருவரை எடுத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும் இப்போதைக்கு.

அவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் போடுகிறீர்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். டாலண்டரை விட்டுவிடாதீர்கள். 2023-ல் அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக எடுத்த பையன், வேகமும் இருக்கிறது, பயமும் இல்லை. அவருக்குக் கூர்ஸ் ஃபீல்டில் எந்தப் பந்து வேலை செய்யும், எது செய்யாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். கூட ஐந்து வருடம் இருப்பவர் வேண்டும்.

மைதானத்தை இடிக்கச் சொன்ன நண்பருக்கு: நீங்கள் லேக்வுட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஏப்ரலில் மேல் தளத்துக்கு வாருங்கள், 20-வது வரிசை, ஊதா நாற்காலிகள். சரியாக ஒரு மைல் உயரம் அதுதான். அங்கிருந்து சாயங்காலம் மலை தெரியும். மூன்று இருக்கைக்குச் சொல்லி வைக்கிறேன். கிளிக்கரை மகன் கொண்டு வருகிறான், நம் ஆளின் பந்துகளை அவன் எண்ணுவானாம்.